யாருடைய சுண்ணாம்பு?

மழை வரப்போகிற இரவில் இறால் பண்ணைக்காரர்கள் தூங்குவதில்லை. வேதாரண்யம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பண்ணை வைத்திருக்கிறார். மின்னல் வெட்டத் தொடங்கினாலே கொட்டகையிலிருந்து மூட்டைகள் வெளியே வந்துவிடும். அத்தனையும் சுண்ணாம்பு. குளத்துக் கரைகளின் உட்சரிவு முழுக்க அதை இறைத்து வைப்பார்கள். மழைத் தண்ணீர் கரையைக் கழுவிக்கொண்டு இறங்கும்போது சுண்ணாம்பும் கூடவே குளத்துக்குள் போகும். விடிந்ததும் முதல் வேலை, தண்ணீரை மொண்டு பிஎச் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. நேற்று 8.1, இன்று 7.5 என்றால் இன்னும் இரண்டு மூட்டை அவிழும்.

ஏன் இத்தனை பதற்றம் என்று ஒருமுறை கேட்டேன். “மழைத் தண்ணிக்குன்னு சொந்தமா சாரம் ஒண்ணும் கெடையாது தம்பி. எறங்குற எடத்துல இருக்கிற சுண்ணாம்பைத்தான் அது திங்கும். நாம குடுக்கலைன்னா எறாலோட தோட்டுலேருந்து எடுத்துக்கும்” என்றார். ஓடு உரித்த இறால் தன் புது ஓட்டைக் கெட்டியாக்கிக்கொள்ளத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும். குறைந்தால் ஓடு இறுகாது; இறால் கையில் பிடித்தால் பிசுபிசுவென்று நசுங்கும்.

அவர் பேசியது சாதாரண மழையைப் பற்றி. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் சுத்தமான மழைகூட லேசாகப் புளிப்புத்தான். அதன் பிஎச் 5.6 அளவில் இருக்கும். 7 நடுநிலை, அங்கிருந்து ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு, இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம், கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. உலையிலும் வண்டி எஞ்சினிலும் எழும் கடும் வெப்பத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜனே ஆக்சைடாகிறது. இவை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ காற்றில் அலைந்து, மேகத்துளிகளில் கரைந்து, கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. பிறகு மழையாக, பனியாக, மலைமுகட்டு மூடுபனியாக, சில நேரம் வெறும் தூசாகவே தரைக்கு வருகின்றன. அமில மழை என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இவ்வளவுதான். பாடப் புத்தகம் சொல்லாமல் விட்டதைத்தான் பண்ணைப் பெரியவர் சொன்னார். இறங்கிய அமிலம் சும்மா கிடக்காது. தன்னைத் தணித்துக்கொள்ள ஒரு சுண்ணாம்பைத் தேடும். அது யாருடைய சுண்ணாம்பு என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால், அமிலமே முடிவு செய்துகொள்ளும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்திய அனல் மின் நிலையங்கள் வெளியேற்றும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில்தான் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. 2017 வந்தது, கெடு 2022-க்குப் போனது. பிறகு நிலையங்களை மூன்று பிரிவாகப் பிரித்து மறுபடி மறுபடி தள்ளிவைத்தார்கள். கடைசியாக 2025 ஜூலை 11 அன்று வந்த அறிவிக்கை, தள்ளிவைக்கும் வேலைக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. தலைநகர் தில்லி மண்டலத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் மட்டும் 2027 முடிவுக்குள் வரம்பைக் கடைப்பிடிக்க வேண்டும். ஏற்கெனவே காற்று கெட்டுப்போன பகுதிகளை ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். மீதியுள்ள அலகுகளுக்கு, அதாவது நாட்டின் மொத்த அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல், கந்தக வரம்பே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: புகைபோக்கி விதிப்படி உயரமாக இருக்க வேண்டும்.

பெரிய அலகுகளுக்கு அந்த உயரம் 275 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த நிபந்தனையைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் உயரமான புகைபோக்கியின் வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட வரலாறு. அதன் முடிவு உலகத்துக்கே தெரியும்.

புகைபோக்கி செய்த வேலை

1842-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு புகைபோக்கி எழுந்தது. உயரம் 435 அடி. அந்நாளில் உலகிலேயே உயர்ந்தது என்று பெயரெடுத்தது. சாதாரண உப்பிலிருந்து சோடா உப்பு காய்ச்சும் தொழிற்சாலை அது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணிக்கும் அந்த உப்பு வேண்டும். காய்ச்சும்போது கிளம்பும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு சுற்றுப்புற வயல்களையும் மரங்களையும் கருக்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் கண்டுபிடித்த தீர்வு, வாயுவை மேலே அனுப்புவது. அது கொஞ்சம் தள்ளிப்போய் வேறு விவசாயியின் வயலில் இறங்கியது.

அதே காலத்தில் வில்லியம் காசேஜ் என்ற சோடா உற்பத்தியாளர் வேறு வழியை யோசித்தார். கைவிடப்பட்ட ஒரு காற்றாலைக் கட்டடத்துக்குள் முட்செடிகளையும் சுள்ளிகளையும் நிரப்பி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, வாயுவை அதன் ஊடே செலுத்தினார். அமிலம் தண்ணீரில் கரைந்து கீழே தங்கிவிட்டது. 1836-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முள்ளும் சுள்ளியும் தண்ணீரும் போதுமானதாக இருந்தன. ஆனால், சட்டம் கட்டாயப்படுத்தாதவரை அந்த வழியைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. 1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அமில வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டதும் எல்லோராலும் முடிந்தது. பிடித்த அமிலத்திலிருந்து சலவைத் தூள் செய்து காசும் பார்த்தார்கள்.

அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வந்த முதல் ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். வேதியியலாளர். 1852-லேயே மான்செஸ்டர் நகரத்து மழையைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தவர். நகரத்திலிருந்து தூரத்து வயல்வெளியில் அம்மோனியம் கார்பனேட், புறநகரில் அம்மோனியம் சல்பேட், நகரத்துக்குள் வந்தால் வெறும் கந்தக அமிலம் என்று காற்று மூன்று வகையாக இருப்பதைக் கண்டு எழுதினார். துணிகளின் சாயம் வெளுப்பதும் இரும்பு துருவேறுவதும் இதனால்தான் என்றார். 1872-இல் வெளியான அவருடைய பெரிய நூலில்தான் ‘அமில மழை’ என்ற சொல் வழக்கத்துக்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் அந்த நூலைத் தேடவில்லை.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகு பிரிட்டன் தன் மின் நிலையங்களை நகரங்களுக்கு வெளியே நகர்த்தியது; புகைபோக்கிகளை வானளாவ உயர்த்தியது. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின் நிலையத்தில் அந்த உயரம் 259 மீட்டர். பிரிட்டிஷ் நகரங்களின் காற்று உண்மையிலேயே தெளிந்தது. தரைமட்டத்தில் வைத்த கருவிகள் நல்ல செய்தி சொல்லின. அதே ஆண்டுகளில் வடகடலுக்கு அப்பால் நார்வேயிலும் ஸ்வீடனிலும் மீன்கள் காணாமல்போய்க்கொண்டிருந்தன.

ஸ்வீடனின் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடென் 1967 அக்டோபரில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். அறிவியல் இதழில் போடும்வரை அவர் பொறுக்கவில்லை. நாளிதழ் ஒன்றில் நேரடியாக எழுதினார். ஐரோப்பிய நாடுகள் ஒன்றன்மேல் ஒன்று ரசாயனப் போர் நடத்துவதாகவே சொன்னார். 1975 வசந்தத்தில் நார்வேயின் தொவ்தால் ஆற்றில் டிரவுட் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தபோது அந்தச் சொல் மிகையாகத் தெரியவில்லை.

மீன் எப்படிச் செத்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்க விழும் பனி, அமிலத்தைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வசந்தத்தில் பனி உருகும்போது முதலில் வழிகிற நீரில்தான் அமிலத்தின் பெரும்பகுதி வரும். நம் வீடுகளில் முதல் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்காதே என்பார்களே, அதே காரணம்தான். இந்த முதல் நீர் மலை மண் வழியே இறங்கும்போது, மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. செப்புப் பாத்திரத்தில் புளியைத் தேய்த்தால் களிம்பு கரைந்து வருவதைப்போல. ஆற்றுக்குள் வந்த அலுமினியம் மீனின் செவுளில் படிகிறது. செவுள் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரந்து சுரந்து அடைத்துக்கொள்கிறது. நீர் நிறைய ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. பெரிய மீன் பிழைத்தாலும் பிஎச் 5-க்குக் கீழே பெரும்பாலான மீன் இனங்களின் முட்டை பொரிவதில்லை. பிறகு அந்த ஏரி கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அடிக்கல் வரை பார்க்கலாம். இவ்வளவு அழகான தண்ணீரை எங்கும் பார்த்ததில்லை என்று சுற்றுலா வந்தவர்கள் சொன்னார்கள். அதில் உயிர் இல்லாததால் வந்த தெளிவு அது.

பக்கத்து நாடுகளின் புகார்களுக்கு பிரிட்டன் சொன்ன பதில் பல ஆண்டுகள் ஒன்றுதான்: இன்னும் ஆய்வு வேண்டும். கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க ஐரோப்பிய நாடுகள் 1985-இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் போட்டபோதும் அது கையெழுத்திடவில்லை. பிறகு இறங்கி வந்து, அதே டிராக்ஸ் நிலையத்தில் கந்தகம் நீக்கும் கருவிகளைப் பொருத்தியது. கொடுமை என்னவென்றால், லண்டன் பாட்டர்சீ மின் நிலையத்தில் 1930-களிலேயே தேம்ஸ் நீரால் புகையைக் கழுவினார்கள். நுட்பம் கையில் இருந்தே அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

ஓடு, மண், கல்

அமிலம் தேடிப்போகும் சுண்ணாம்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் அதன் சேதத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. அதில் 223 என்ற எண்ணுள்ள ஏரியில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 1976 முதல் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் ஊற்றினார்கள். பிஎச் 6.8-லிருந்து எட்டு ஆண்டுகளில் 5-ஐ நெருங்கியது. பெரிய டிரவுட் மீன்கள் எந்த எண்ணில் சாகும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அதிர்ச்சி முன்னாலேயே காத்திருந்தது. பிஎச் 6-க்குக் கீழே போன கொஞ்ச காலத்திலேயே இறாலைப் போன்ற ஒரு சிற்றுயிர் மறைந்தது. ஒரு வகைச் சிறுமீன் இனப்பெருக்கத்தை நிறுத்தியது. டிரவுட்டை அமிலம் நேரடியாகக் கொல்லவில்லை. அதன் சாப்பாட்டை எடுத்துவிட்டது. தலை பெருத்து உடல் வற்றிப்போன அந்த ஏரி மீனின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மீன் உயிரோடிருக்கிறதே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லக்கூடிய கட்டத்திலேயே ஏரியின் கதை முடிந்திருந்தது.

நெதர்லாந்தின் மணற்பாங்கான காடுகளில் 1980-களில் வேறொன்று நடந்தது. பட்டாணிக்குருவி வகைப் பறவைகளின் முட்டைகள் ஓடு மெலிந்து, கூட்டிலேயே உடையத் தொடங்கின. சில முட்டைகளுக்கு ஓடே இல்லை. பூச்சிமருந்தாக இருக்குமோ என்று தேடினார்கள், இல்லை. காரணம் நத்தை. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக நத்தை ஓடுகளைத் தேடித் தின்னும். அமில மழை பத்தாண்டுக் கணக்கில் பெய்து மண்ணிலிருந்த கால்சியத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. மண்ணில் கால்சியம் இல்லாமல் நத்தை ஓடு கட்ட முடியவில்லை. நத்தை இல்லாமல் பறவை முட்டைக்கு ஓடு கட்ட முடியவில்லை. ஆராய்ச்சியாளர்கள் காட்டில் நத்தை ஓடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் வைத்தார்கள். பறவைகள் அதைத் தின்றன, முட்டைகள் சரியாயின. ஒரு மின் நிலையம் தன் புகையின் கந்தகத்தைத் தணிக்க வாங்க மறுத்த சுண்ணாம்பை ஒரு கைப்பிடிப் பறவை தன் வயிற்றிலிருந்து கொடுத்திருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழையை அளந்துவரும் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் கண்டதும் இதுதான். அமில மழை குறையத் தொடங்கிய பிறகும் மரங்கள் தெம்பாகவில்லை. மண்ணின் கால்சியம் சேமிப்பு ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது. 1999-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க ஹெலிகாப்டரிலிருந்து கால்சியத் தாதுவைத் தூவிப் பார்த்தார்கள். மேப்பிள் மரங்கள் தேறின. கனடாவின் சட்பரி நகரத்தில் இன்னும் உருக்கமான காட்சி. நிக்கல் உருக்காலையின் புகையில் சுற்றுப்புறக் குன்றுகள் கருத்து மொட்டையாகியிருந்தன. 1972-இல் அங்கே 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள். ஊர்க் காற்று மேம்பட்டது. அமிலம் தொலைதூர ஏரிகளுக்குப் போனது. 1978-லிருந்து கல்லூரி மாணவர்களும், பின்னர் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களும் சுண்ணாம்புக்கல் பொடி மூட்டைகளைத் தோளில் சுமந்து அந்தக் குன்றுகளில் ஏறிக் கையால் தூவினார்கள். அதன் பிறகே புல் முளைத்தது.

ஸ்வீடன் 1977 முதல் அரசுச் செலவில் ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குச் சுண்ணாம்பு போட்டுவருகிறது, இன்றுவரை. நார்வேயின் மாந்தால் ஆற்றில் சால்மன் மீன் அழிந்தே போயிருந்தது. 1997-இல் சுண்ணாம்பு போடத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தது. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு நெருக்கமான சாட்சி தாஜ்மகால். சலவைக்கல் என்பதும் சுண்ணாம்புதான். கந்தக அமிலம் பட்டால் அது ஜிப்சமாக மாறி உதிரும். மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஆக்ராவின் வார்ப்பட ஆலைகளும் எழுப்பிய கவலையில் 1984-இல் எம்.சி. மேத்தா வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 292 ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம்பெயர வேண்டும் என்றது. ஒரு நினைவுச்சின்னத்துக்குக் கிடைத்த அந்த நீதி, பெயர் தெரியாத ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கோயில்களின் கருங்கல் சுவர் அமிலத்தைத் தாங்கும். மேலே கோபுரத்திலிருக்கும் சுதைச் சிற்பங்கள்? சுதை என்பதே சுண்ணாம்புச் சாந்துதானே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கந்தக வரம்பை நீக்கியவர்களின் வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவற்றில் வலுவானவையும் உண்டு.

முதல் வாதம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, அரை சதவீதத்துக்குள்தான் என்பது. உண்மை. ஆனால், சாம்பல் அதிகமான அந்த நிலக்கரியை நாம் மின்சாரத்துக்காக ஆண்டுக்கு 80 கோடி டன் அளவில் எரிக்கிறோம். கந்தகம் 0.4 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 32 லட்சம் டன். எரிந்து ஆக்சைடாகும்போது எடை இரட்டிக்கும்: 64 லட்சம் டன். செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, இந்தியா சீனத்தை முந்தி உலகின் மிகப் பெரிய கந்தக டை ஆக்சைடு உமிழும் நாடாகிக்கொண்டிருக்கிறது என்றது. அதற்கு முந்தைய பத்தாண்டில் சீனம் தன் உமிழ்வை 75 சதவீதம் குறைத்திருந்தது. நம்முடையது பாதி அளவு கூடியிருந்தது. சீனம் நிலக்கரியை விட்டுவிடவில்லை. புகையைக் கழுவியது.

இரண்டாவது வாதம், கந்தகம் நீக்கும் கருவிக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், அதைச் சுரங்கம் வெட்டி எடுக்க வேண்டும், வினையில் கரியமில வாயு வேறு வரும் என்பது. இதற்கும் கணக்கு இருக்கிறது. கருவிக்குள் நடப்பது தாஜ்மகாலின் மேல் நடக்கும் அதே வினை: சுண்ணாம்புக்கல் கந்தகத்தை வாங்கிக்கொண்டு ஜிப்சமாகிறது. 64 லட்சம் டன்னைத் தணிக்க ஏறத்தாழ ஒரு கோடி டன் சுண்ணாம்புக்கல் போதும். சிமெண்டுக்காகவும் பிறவற்றுக்காகவும் நாடு ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் வெட்டுகிறது. அரியலூர்க்காரர்களைக் கேட்டால் அந்தப் பள்ளங்களைக் காட்டுவார்கள். நாற்பதில் ஒரு பங்கு. வினையில் வெளிவரும் கரியமில வாயு 44 லட்சம் டன். அந்த நிலக்கரியே வெளியேற்றுவது 100 கோடி டன்னுக்கு மேல். கருவிக்கு முதலீடும் ஓரளவு மின்சாரமும் செலவாகும் என்பது மெய். விலக்கினால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சம் என்று தொழில் வட்டாரத்தில் சொன்னார்கள். அந்த 30 காசுக்கான சுண்ணாம்பு மிச்சமாகிவிடாது. அந்த ஒரு கோடி டன்னை வேறு எவரோ, எதுவோ கொடுக்கும்.

இதுவரை கொடுத்துவந்தது நம் தூசி. மூன்றாவது வாதமும் அதுதான், இருப்பதில் வலுவானதும் அதுதான்: இந்திய மழை அமிலமாக இல்லை. தார்ப் பாலைவனத்திலிருந்தும் வடமேற்கு வறண்ட மண்ணிலிருந்தும் எழும் தூசியில் கால்சியம் நிறைய. அது வானத்திலேயே அமிலத்தைத் தணித்துவிடுவதால் ஐரோப்பாவுக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லை. ஆனால், இந்தத் தூசியைக் குறைக்கத்தான் 2019 முதல் தேசிய தூய காற்றுத் திட்டம் நடக்கிறது. சாலையோரம் சிமெண்ட் பூசுகிறோம், தண்ணீர் தெளிக்கிறோம், கூட்டும் எந்திரம் வாங்குகிறோம். நல்ல வேலை, மூச்சுவிடுகிற யாரும் வேண்டாமென்று சொல்ல முடியாது. தூசியைக் குறைத்துக்கொண்டே கந்தகத்தை அவிழ்த்துவிடுவதுதான் விபரீதம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கந்தகம் குறைந்தபோதே காற்றில் கால்சியத் தூசியும் குறைந்ததால் மழையின் புளிப்பு எதிர்பார்த்த அளவுக்குத் தணியவில்லை. அங்கே கந்தகமும் குறைந்ததால் பிழைத்தார்கள்.

மழையின் பிஎச் நன்றாக இருக்கிறது என்பதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியா காரத்தன்மை கொண்டது. காற்றில் அமிலத்தோடு சேர்ந்து அதைத் தணித்து, மழை அளவியில் நல்ல எண்ணைக் காட்டும். மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. மழைநீரில் ஒளிந்திருந்த புளிப்பு வேர்மண்ணில் வெளியே வருகிறது. ஸ்மித் அன்றைக்குக் கண்ட அம்மோனியம் சல்பேட் இப்படிப்பட்டதுதான்.

அந்த எண்ணும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. இந்திய வானிலைத் துறை நாட்டின் பத்து இடங்களில் பல்லாண்டுகளாக மழைநீரைச் சேகரித்துப் பகுத்துவருகிறது. நம் கொடைக்கானலும் அதில் ஒன்று. 1987 முதல் 2021 வரையிலான தரவுகள் பெரும்பாலான இடங்களில் பிஎச் குறைந்துவருவதைக் காட்டுகின்றன. விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகியவை கவலைக்குரிய இடங்கள். இப்போதே பேராபத்து என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை. போகிற திசையைச் சொல்கிறார்கள்.

எனக்குக் கொடைக்கானலும் நீலகிரியும்தான் கவலை. நார்வே, ஸ்வீடன் மலைகளைப் போல இவையும் சுண்ணாம்பில்லாத கடினப் பாறையின்மேல் அமைந்தவை. மண் இயல்பிலேயே புளிப்பு. தேயிலைத் தோட்டக்காரர்கள் டோலமைட் வாங்கிப் போடுவது அதனால்தான். தோட்டத்துக்கு டோலமைட் போட ஆள் இருக்கிறது. சோலைக் காட்டுக்கும் அதன் ஓடையில் வாழும் தவளைக்கும் நத்தைக்கும் யார் போடுவார்கள்? வடமேற்குத் தூசி தெற்கே இவ்வளவு தூரம் வந்து காப்பாற்றுவதும் குறைவு. மழைக்காலத்தில் அந்தத் தூசியே அடங்கிவிடும். வடகிழக்குப் பருவக்காற்றோ, கிழக்குக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் நிலக்கரி நிலையங்களின் மேலாகத்தான் நம்மிடம் வருகிறது. கந்தகச் சேர்மங்கள் காற்றில் நாள்கணக்கில் தங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிப்பவை. பெருநகரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்கு வெளியே இருப்பவற்றை விட்டுவிடுவது எந்தக் காற்றுக்குப் பொருந்தும்? ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகச் சொல்வார்கள். நகரத்துக்கு ஒரு நியாயமும் காட்டுக்கும் கிராமத்துக்கும் வேறொரு நியாயமும் இதைவிட வெளிப்படையாக வைக்கப்பட்டதில்லை.

ஜூலை அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். எல்லா நிலையங்களிலும் நாளைக்கே கருவி பொருத்த முடியாது என்பது புரிகிறது. பழைய சிறு அலகுகளை மூடும் தேதியை அறிவித்துவிட்டு, இன்னும் 20, 25 ஆண்டுகள் ஓடப்போகிற பெரிய அலகுகளில் தொடங்கலாம். புதிதாகக் கட்டும் ஓர் அலகுக்குக்கூட விலக்குத் தரக் கூடாது. தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றியம் விதிப்பதைவிடக் கடுமையான வரம்பை விதிக்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளையும் சோலை மண்ணையும் ஆண்டுதோறும் அளந்து வைக்கும் வேலையை வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். ஹப்பர்ட் புரூக்கில் 1963-இல் ஒரு பாத்திரத்தில் மழையைப் பிடித்ததுதான் தொடக்கம்.

அதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத ஒன்று. ஒவ்வொரு மழைக்கும் கொடைக்கானலில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று வானிலைத் துறை மறுநாள் காலையே சொல்லிவிடுகிறது. அதே மழையின் பிஎச் என்ன என்பதையும் அந்த வரியிலேயே சேர்த்து வெளியிடட்டும். வேதாரண்யத்துப் பெரியவரின் நோட்டில் தேதி, மழை, பிஎச், போட்ட மூட்டை என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. பதினோரு ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடாமல் நிரப்பியிருக்கிறார்.